நீலகிரியில் எல்.எல்.ஆர். எடுக்கப் போகிறவர்களுக்கு: ஆதார் முதல் 'எல்' போர்டு வரை

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வு கஷ்டமானதல்ல. ஒரு வாரம் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஆளை அலையவிடுவது அதற்கு முன்னால் இருக்கும் விஷயங்கள்: ஆதாரில் பெயர், அதோடு இணைந்த போன் நம்பர், பிறந்த தேதி. பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ பஸ் பிடித்து ஊட்டி வந்து, "இனிஷியல் ஒத்து வரல" என்ற ஒற்றை வரியோடு திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு.

இன்னொரு சிக்கல் மலைக்காரர்களுக்கே உரியது. சின்ன வயதிலிருந்து காட் ரோட்டில் பார்த்து வளர்ந்த பழக்கங்களைச் சரியென்று நம்பித் தேர்வில் பதில் சொல்வோம். அங்கே மார்க் போகும். அதனால் இந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறது, மற்றதெல்லாம் சுருக்கம்.

1. எந்த வண்டிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விண்ணப்பத்தில் வண்டி வகைகள் சுருக்கெழுத்தில் வரும். எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றால் கியர் இல்லாத இருசக்கர வண்டி. எம்.சி.டபிள்யூ.ஜி. என்றால் கியர் உள்ள பைக். எல்.எம்.வி. என்றால் கார், ஜீப் போன்ற இலகுரக வண்டிகள்.

இப்போது ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறோம் என்று கியர் இல்லாததை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். நாளைக்கு பைக் ஓட்ட ஆசை வந்தால் முதலிலிருந்து இன்னொரு சுற்று. கியர் பைக்குக்கு எடுத்தவர் ஸ்கூட்டரையும் ஓட்டிக்கொள்ளலாம், எதிர்ப்பக்கம் செல்லாது. கார் பழகும் எண்ணமும் இருந்தால் எம்.சி.டபிள்யூ.ஜி., எல்.எம்.வி. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடுங்கள். கட்டணம் சற்றுக் கூடும், அலைச்சல் பாதியாகும்.

வயது: கியர் பைக்குக்கும் காருக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் எடுக்கலாம் என்று சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதற்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கடைவீதியில் ஓடும் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கு மேல். பிளஸ் ஒன் படிக்கும் பையன் அதில் பள்ளிக்கூடம் போவது எந்த எல்.எல்.ஆரிலும் அடங்காது. பிடிபட்டால் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது என்று சட்டம் இருக்கிறது.

கேரட், பீட்ரூட் ஏற்றும் பிக்கப்போ, மஞ்சள் போர்டு டாக்சியோ ஓட்டிப் பிழைக்க நினைப்பவர்களும் எல்.எம்.வி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வணிக வண்டிகளை எல்.எம்.வி. உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

2. ஆவணங்கள்: பாதி வேலை இங்கேதான்

தேவைப்படுபவை அதிகமில்லை. ஆதார், பிறந்த தேதிக்கு ஒரு சான்று (பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று), முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து. ஆனால் ஒவ்வொன்றும் மற்றதோடு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாத இடங்கள் பெரும்பாலும் இவைதான்:

இனிஷியல். நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, பெயருக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். மதிப்பெண் பட்டியலில் "எம். சுரேஷ்", ஆதாரில் "சுரேஷ் மாதன்", வாக்காளர் அட்டையில் வெறும் "சுரேஷ்". மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரும் வயதுச் சான்றும் ஒரே மாதிரி இருக்கும்படி முதலில் சரிசெய்யுங்கள்.

பிறந்த தேதி. ஆதார் எடுத்த காலத்தில் தேதி தெரியாதவர்களுக்கு வருடத்தை மட்டும் போட்டிருப்பார்கள், அல்லது ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள். எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) பிறந்த பலருடைய அட்டை இப்படித்தான் இருக்கிறது. டி.சி.யில் வேறு தேதி இருந்தால் விண்ணப்பம் நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை இரண்டு முறை மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். எந்தத் தேதி நிலைக்க வேண்டும் என்று வீட்டில் பேசி, அதற்குச் சான்று கையில் வைத்துக்கொண்டு போங்கள். அவசரத்தில் தப்பான தேதியைப் பதிந்துவிட்டால் பிறகு ரொம்பக் கஷ்டம்.

போன் நம்பர். ஓ.டி.பி. வருவது ஆதாரோடு இணைந்த நம்பருக்கு. அந்த சிம் தொலைந்தோ காலாவதியாகியோ இருந்தால் முதலில் புது நம்பரை இணைக்க வேண்டும். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து இணைக்கலாம். சேர்வதற்குச் சில நாட்கள் ஆகும். எல்.எல்.ஆர். வேலையைத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

முகவரி. ஹட்டியிலும் (படுகர் ஊர்) லயன் வீட்டிலும் கதவு எண் இருக்காது. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் தாலுகா, வருவாய்க் கிராமம், 643 என்று தொடங்கும் பின்கோடு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். உரிம அட்டை தபாலில் வரும். பின்கோடு தப்பானால் அட்டை வேறு தபால் நிலையத்தைச் சுற்றும். "எஸ்டேட் டிவிஷன்" பெயரையும் சேர்த்து எழுதினால் தபால்காரர் கண்டுபிடிப்பார்.

இவை தவிர ரத்த வகை கேட்பார்கள். ஊகித்துப் போடாதீர்கள். விபத்து நேரத்தில் பார்க்கும் அட்டை அது. தெரியாவிட்டால் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள அடையாளம் (மச்சம், தழும்பு) ஒன்றிரண்டும் எழுத வேண்டியிருக்கும்.

உடல்நிலைக்குப் படிவம் 1 என்னும் சுய உறுதிமொழி போதும். 40 வயது தாண்டியவர்களுக்கும் வணிக வண்டிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் மட்டும் படிவம் 1ஏ: பதிவு பெற்ற டாக்டரின் சான்று. சுய உறுதிமொழியில் ஒரு கேள்வி, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்பது. 'ஆம்' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாமல், ரோட்டோரம் நிற்கும் காரிலிருந்து 33 எட்டு தள்ளி நின்று படித்துப் பாருங்கள். தெரியவில்லையென்றால் கண்ணாடி போட வேண்டிய காலம் வந்துவிட்டது. கண்ணாடியோடு படிக்க முடிந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

3. விண்ணப்பம்

மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் 'சாரதி' என்ற பகுதியில்தான் விண்ணப்பம். தேடும்போது இதே மாதிரி பெயர் வைத்த தனியார் தளங்களும் மேலே வந்து நிற்கும். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மாநிலம் தமிழ்நாடு, பிறகு புதிய பழகுநர் உரிமம்.

இங்கே இரண்டு வழி பிரியும். ஆதார் ஓ.டி.பி. வழியே போனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதாரிலிருந்தே வந்து விழும். தேர்வையும் இணையத்திலேயே முடிக்கலாம், அலுவலகம் போகத் தேவையில்லை. ஆனால் வந்து விழுந்ததை உங்களால் திருத்த முடியாது. ஆதாரில் எழுத்துப் பிழை இருந்தால் அதே பிழை உரிமத்திலும் ஏறும். ஆதார் இல்லாமல் போனால் எல்லாவற்றையும் நீங்களே தட்டச்சு செய்து, சான்றுகளை ஏற்றி, ஸ்லாட் எடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் தேர்வெழுத வேண்டும்.

அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. நம் மாவட்டத்துக்கு ஊட்டி அலுவலகம், டி.என்.43; கூடலூரில் அதன் பகுதி அலுவலகம், டி.என்.43இசட். அவசரத்தில் பட்டியலில் மேட்டுப்பாளையத்தைத் தொட்டுவிட்டால் அது டி.என்.40, கோவை மாவட்டம். தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுப்பதால் கம்ப்யூட்டர் உங்களைத் தடுக்காது. பிறகு எட்டு போடுவதற்கு மலையிறங்கிப் போக வேண்டியிருக்கும்போதுதான் தெரியவரும். படிப்புக்காக ஊட்டியில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதே விதி நன்மை: சொந்த ஊர் ஆதாரை வைத்துக்கொண்டே இங்கே எடுக்கலாம்.

ஏற்றும் கோப்புகளின் அளவைத் திரையில் காட்டுவார்கள். போட்டோவும் கையெழுத்தும் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் நேராக ஏறாது, சுருக்க வேண்டும். ரொம்பச் சுருக்கி முகம் கலங்கிப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள்.

விண்ணப்ப எண் வந்தவுடன் தாளில் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போன் கெட்டுப்போனால் எண்ணும் போகும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். 2024 மார்ச் முதல் எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை அங்கே ஏற்கிறார்கள். சேவைக் கட்டணம் தனி. டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போனாலும் தவறில்லை. ஆனால் ஒன்று: விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், ஸ்கூல்காரருடையதை அல்ல. ஓ.டி.பி.யும் தகவலும் அவர் போனுக்கே போனால், உரிமம் கைக்கு வரும்வரை அவர் பின்னால் நடக்க வேண்டும்.

4. எவ்வளவு செலவு

மத்திய மோட்டார் வாகன விதிப்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வண்டி வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். பைக், கார் இரண்டும் என்றால் 150, 150, 50 சேர்த்து 350. மாநிலச் சேவைக் கட்டணம் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துத் திரையில் காட்டும். தோற்றால் மறுதேர்வுக்கு மறுபடி 50.

பிறகு ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வகைக்கு 300, உரிமத்துக்கு 200. இதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று யாராவது ஒரு பெரிய தொகையைச் சொன்னால், அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் சிக்னல் அறுந்து பணம் பாதியில் நிற்பது இங்கே சகஜம். வங்கியில் கழிந்துவிட்டது, தளத்தில் கட்டியதாகக் காட்டவில்லை என்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். கட்டணப் பகுதியிலேயே பணம் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டு மறுநாள் வரை பொறுங்கள்.

5. எப்போது தொடங்கலாம்

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அதைப் புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்தால் முதலிலிருந்து விண்ணப்பம். ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் போகலாம். ஆக, உங்கள் கையில் இருப்பது இடைப்பட்ட 5 மாதம்.

அந்த 5 மாதம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஜூனில் எடுத்தால் தென்மேற்குப் பருவமழை முழுவதும் பழகும் காலமாகிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் வாரக்கணக்கில் நனைந்த ரோடுதான். அது முடிந்ததும் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடிக்கும். ஏப்ரல், மே சீசனில் ரோட்டில் பழக இடமே கிடைக்காது. டிசம்பர் கடைசியில் எடுத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட ரோடு, தெளிந்த வானம், சீசன் கூட்டம் இல்லை. அதிகாலை உறைபனி மட்டும் இருக்கும், வெயில் ஏறிய பிறகு பழகுங்கள்.

6. என்ன படிக்க வேண்டும்

தேர்வில் எதைக் கேட்கலாம் என்று விதியே நான்கு தலைப்பு சொல்கிறது: சாலைச் சின்னங்களும் போக்குவரத்து விதிகளும்; விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியது; ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை; வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. 10 கேள்வி வந்தால் 6, 15 வந்தால் 9. ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், தெரியாததில் தேங்கி நிற்க முடியாது.

கடைசி மூன்று தலைப்பையும் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். விபத்தில் யாருக்காவது அடிபட்டால் முதலில் மருத்துவ உதவி, பிறகு போலீசுக்குத் தகவல், 24 மணி நேரத்துக்குள். ஆவணங்கள் நான்கு: உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று; டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்டவாளம் வரை நடந்து, இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததெல்லாம் குன்னூர் ரயில்வே கேட்; அங்கே ஆள் இருக்கிறார், மலை ரயில் வரும்போது மூடுவார். "மெதுவாக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு செல்ல வேண்டும்" என்ற பதில் நமக்கு நியாயமாகத்தான் தோன்றும். அது தப்பு. இறங்க வேண்டும்.

முதல் தலைப்பில்தான் மலைப் பழக்கம் காலை வாரும். இவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

ஏறும் வண்டிக்கே வழி. இரண்டு வண்டி தாராளமாக விலக முடியாத மலை ரோட்டில், இறங்கி வருகிறவர் ஓரம் நிறுத்தி ஏறுகிறவருக்கு விட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பினால் பின்னால் உருளும் ஆபத்து இருக்கிறது. இறங்குகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காட் ரோட்டில் இறங்கி வரும் டூரிஸ்ட் வண்டிகள் லைட் அடித்து "நான் வருகிறேன்" என்று மிரட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

நியூட்ரலில் இறங்கக் கூடாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை என்ஜினை அணைத்தே இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கியரில் இருக்கும் என்ஜின்தான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கிறது. அது இல்லையென்றால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும், சூடேறும், சூடேறிய பிரேக் பிடிக்காது. காரில் என்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஸ்கூட்டரில் கியர் இல்லாததால், இறக்கம் தொடங்கும்போதே வேகத்தை அடக்கி, முன் பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள்.

வளைவில் முந்தக் கூடாது, நிறுத்தவும் கூடாது. மேட்டின் உச்சி, பாலம், நடைபாதை, பஸ் ஸ்டாப் அருகில், ஆஸ்பத்திரி வாசல், இன்னொரு வண்டி நிற்பதற்கு நேர் எதிரே: இவை எல்லாம் நிறுத்தக் கூடாத இடங்கள். வளைவில் காரை நிறுத்திப் பள்ளத்தாக்கை போட்டோ எடுப்பதைத் தினமும் பார்ப்பதால் அது அனுமதிக்கப்பட்டது போலத் தோன்றும்.

பனிமூட்டத்தில் டிப் லைட். ஹைபீம் போட்டால் ஒளி மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பனி விளக்கு இருந்தால் அதைப் போட வேண்டும்.

ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை. ஊட்டி சேரிங் கிராஸில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் வேறு மாதிரித்தான் கற்றுக்கொள்வீர்கள். பார்க்காமலிருப்பது நல்லது.

குறுகிய பாலத்தில் எதிரே ஒரு வண்டி நுழையப் போகிறதென்றால் அது கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். முந்துவது வலது பக்கம்தான். முன்னால் போகிறவர் வலதுபுறம் திரும்பச் சைகை காட்டியிருந்தால் மட்டும் இடது பக்கம் போகலாம். மஞ்சளோ வெள்ளையோ, விடாத கோட்டைத் தாண்டக் கூடாது. சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் நின்று, பார்த்து, போகலாம். மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் வேகம் குறைத்துப் போகலாம். நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பவர் வலது ஓரம் நடக்க வேண்டும், எதிரே வரும் வண்டி தெரியும்படி. ரத்தத்தில் மது அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

7. சின்னங்கள்: வடிவத்தைப் படியுங்கள்

நூறு படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். விதிவிலக்கு இரண்டு: எட்டு மூலை உள்ளது 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழி விடு'. இது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

எச்சரிக்கைச் சின்னங்கள் பெரும்பாலும் நம் வீட்டு வாசலில் நிற்பவை. கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான ஏற்றம், இறக்கம், குறுகிய பாலம், வழுக்கும் சாலை, பாறை விழும் இடம், உதிரிச் சரளை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியே மசினகுடி போனால் 36 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால் அதுவே பயிற்சி. வளைவு இடது பக்கமா வலது பக்கமா என்று பிரித்துக் கேட்பார்கள், அம்பு எந்தப் பக்கம் மடிகிறது என்று பாருங்கள்.

குழப்பும் ஜோடிகள் மூன்று. சிவப்பு வட்டத்துக்குள் ஒரே ஒரு குறுக்குக் கோடு இருந்தால் பார்க்கிங் தடை. இரண்டு கோடு பெருக்கல் குறியாக இருந்தால் நிறுத்தவே கூடாது. சிவப்பு வட்டத்தில் ஹாரனை அடித்திருந்தால் ஹாரன் தடை. நீல வட்டத்தில் ஹாரன் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் ஒரே படம் போலவே இருக்கும். இடமிருந்து வலமாகப் பார்த்து, வண்டி மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கவனியுங்கள்.

8. தேர்வு நாள்

மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தாலும் அது நாம் பேசும் தமிழ் அல்ல. 'பாதசாரிகள் கடக்குமிடம்' என்றால் ஜீப்ரா கிராசிங். 'இருப்புப்பாதை' ரயில் தண்டவாளம். 'முந்திச் செல்லுதல்' ஓவர்டேக். சாரதி தளத்தில் மாதிரித் தேர்வு இருக்கிறது, காசு கிடையாது. அதைத் தமிழில் நான்கைந்து முறை எழுதினால் இந்த நடை பழகிவிடும். கூடலூர்ப் பக்கம் மலையாளத்தில் படித்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோவைக் கடைசி வரை பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் போனுக்குக் கடவுச்சொல் வரும். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். குல்லாவையும் மப்ளரையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் யாரும் வேண்டாம். மரம் விழுந்து கரண்ட் போகும் காற்று நாட்களில் தொடங்கவே வேண்டாம். சிக்னல் சரியில்லாத ஊரென்றால் டவுனில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போய்விடுவது நல்லது.

அலுவலகத்தில் எழுதுகிறவர்கள் அசல் ஆவணங்கள், விண்ணப்பத்தின் பிரதி, பணம் கட்டிய ரசீது, படிவம் 1 எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வருவதானால் சுமார் 50 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். பைக்காரா பக்கம் ஒரு லாரி நின்றாலே நேரம் போய்விடும். ஸ்லாட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே டவுனில் இருக்கும்படி பஸ் பிடியுங்கள்.

9. எல்.எல்.ஆர். வந்த பிறகு

எல்.எல்.ஆர். தாளைப் பிரதி எடுத்து வண்டியில் வையுங்கள். முன்னும் பின்னும் 'எல்' போர்டு கட்டாயம். அளவும் விதியில் இருக்கிறது: வெள்ளைப் பின்னணி 18 சென்டிமீட்டர் சதுரம், சிவப்பு எழுத்து உயரம் 10, தடிமன் 2, அடியில் அகலம் 9 சென்டிமீட்டர். ஸ்டிக்கர் கடையில் இந்த அளவைச் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். சின்னதாக அழகுக்கு ஒட்டினால் கணக்கில் சேராது.

உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் கூட இருக்க வேண்டும். பைக்கில் கற்றுக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். இருக்கிறதே என்று தனியாகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போனால் அது உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு: 5,000 ரூபாய் அபராதம்.

பழகும்போது ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்லும் தேர்வில் இதுவும் விதிப்படி ஓர் அங்கம். இங்கே அதற்கு மேடு தேட வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பைக்கில் பின் பிரேக்கை மிதித்தபடி இதையே செய்ய வேண்டும். முதல் வாரம் மேட்டுப்பாளையம் மெயின் ரோட்டில் வேண்டாம். காலையில் போக்குவரத்து குறைந்த ஊர்ச் சாலை போதும். கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். கல்லைத் தொடாமல் பத்து முறை எடுத்த பிறகு ஓட்டுநர் உரிமத்துக்கு ஸ்லாட் போடலாம்.